இரண்டாவது ஜோடி பூட்ஸ்

என் மகனுக்கு ஹைதராபாத் கச்சிபௌலியில் வேலை. காலையில் லிஃப்ட், கார், மறுபடி லிஃப்ட், ஏசி அறை. சாயங்காலம் இதே வரிசை தலைகீழாக. அவன் கால் தரையில் படுவதே பார்க்கிங்கில்தான். அப்படிப்பட்டவனிடம் தோல் பூட்ஸ் மூன்று ஜோடி இருக்கிறது. போன மாதம் நாலாவது வாங்கலாமா என்று போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தவன், சோபாவில் படுத்தபடியே என்னைக் கேட்டான்.

"அம்மா, நல்ல லெதர் பூட்ஸ் ஒருத்தன்கிட்ட எத்தனை ஜோடி இருக்கணும்?"

"ரெண்டு" என்றேன்.

நான் யோசிக்காமல் சொன்னதில் அவனுக்குச் சிரிப்பு. "என்ன, எக்ஸாமுக்குப் படிச்ச மாதிரி சொல்ற?"

படித்ததுதான். இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அந்தப் பதிலையே இப்போது தூக்கப் போகிறார்கள் என்று அதே வாரம் ஸ்வப்னா கூப்பிட்டுச் சொன்னாள். நான் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த தெலுங்குப் பெண் அவள். இந்தியும் ஆங்கிலமுமாக அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மேடம், புது பூட்ஸ் வாங்கப் போறாங்க. ரொம்ப உசத்தியான தோல். இவ்வளவு நல்ல பூட்ஸ்னா ஒரு ஜோடி போதும், ரெண்டாவதை நிறுத்திடலாம்னு கமிட்டியில பேசுறாங்க. முதல்ல எதுக்கு ரெண்டு ஜோடி குடுத்தாங்கன்னே இங்க யாருக்கும் தெரியல. நீங்க வந்து சொல்ல முடியுமா?"

யாருக்கும் தெரியவில்லை என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வருகிறேன் என்றேன். போனேன். அங்கே நான் பேசியது கொஞ்சம்தான். முழுக்கதையும் ஒரு முறை எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவருக்குக் காஞ்சன்பாக்கில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். எனக்கு வேலை நகரத்தின் மறுகோடியில், பம்புக்கும் வால்வுக்கும் உடல் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில். பதவி சேஃப்டி ஆபீசர். சொந்த ஊரான வாணியம்பாடியில் இதைச் சொன்னபோது என் சித்தப்பா, "அப்போ கேட்டாண்ட நிக்கணுமா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று வருத்தப்பட்டார். லத்தி தருவார்களா என்று இன்னொரு உறவினர் விசாரித்தார். விளக்கிப் பார்த்துவிட்டு, கேட்டில்தான் நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

படிப்பு, டிப்ளமோ, பயிற்சிக் காலம் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறைய சட்டம் படித்தேன். தீயணைக்கக் கற்றேன். குரலை உயர்த்தாமல் ஆண்களை அதட்டக் கற்றேன். ஸ்டோரில் இருந்ததிலேயே சின்ன பூட்ஸ்கூட என் காலுக்குப் பெரிது என்பதால், இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கவும் கற்றேன். தோலைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. தோல் பதனிடும் எங்கள் ஊரில் காற்றே தோல் வாசனையோடுதான் வரும். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

கதை நடந்த இடம் மெல்ட் ஷாப். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் கூடம் அது. அங்கே போடும் பூட்ஸ் மற்ற பூட்ஸ் போல இருக்காது. லேஸ் கிடையாது. பிடியும் இறுக்கமாக இருக்காது. ஏதாவது உள்ளே தெறித்தால் காலை ஒரு உதறு உதறினால் பூட்ஸ் தனியாகப் போய் விழ வேண்டும். பேன்ட்டை அதற்குள் செருகக் கூடாது, மேலே விட்டுவிட வேண்டும். பூட்ஸ் காலைக் காப்பாற்ற வேண்டும், முடியாதபோது காலை விட்டுவிட வேண்டும். புதிதாக வருபவர்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன்.

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு விதிகள் இருந்தன. இரண்டும் நான் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. ஈரமான பூட்ஸோடு யாரும் மெல்ட் ஷாப்புக்குள் வரக் கூடாது என்பது ஒன்று. உருகிய உலோகமும் தண்ணீரும் சந்தித்தால் வெடித்துச் சிதறும்; அதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அந்த விதி ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது விதி, பூட்ஸை எந்தச் சூட்டிலும் வைத்துக் காய வைக்கக் கூடாது என்பது. இரண்டுமே சரியான விதிகள். வருடத்துக்கு ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். அதுவும் நல்ல பூட்ஸ்.

மேலதிகாரி ராவ் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெலுங்குக்காரர், மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. நாம் எந்த ஃபைலைக் கொண்டுபோனாலும் அதைத் திறக்க மாட்டார். மேஜையில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டு, "ஒன் சென்டென்ஸ்" என்பார். என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். நாம் இரண்டாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தால், எழுந்து போய் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்துவிடுவார். அந்தச் செடி அழுகாமல் பிழைத்ததே அதிசயம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் சரியாக இருந்துவிட்டால் அப்புறம் மலையே வந்தாலும் அவர் பின்வாங்க மாட்டார்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ஒரு முற்பகலில், உருக்கிய உலோகத்தை ஏந்தி வரும் பெரிய வாளியை அச்சின் மேல் சாய்க்கும்போது கொஞ்சம் சிதறியது. அதில் சிறு துளி செல்வராஜின் இடது காலில் விழுந்தது.

செல்வராஜ் சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். என் வயதுதான் இருக்கும். அவருடைய தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ எல்லாம் சர்வ சாதாரணமாக வரும். பிரமாதமான வேலைக்காரர், நிதானமானவர். அன்றைக்கும் அவர் எதையும் தப்பாகச் செய்யவில்லை. உடனே காலை உதறினார். பூட்ஸ் கழலவில்லை. மறுபடி உதறினார். அப்போதும் கழலவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்துக் கழற்றுவதற்குள் பாதத்தின் மேல்பக்கம் போய்விட்டது.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அந்த பூட்ஸை என் மேஜைக்குக் கொண்டுவந்தேன். அடிப்பாகம் நன்றாக இருந்தது. தையல் நன்றாக இருந்தது. முன்னால் இரும்புக் கவசம் அப்படியே இருந்தது. தோல் மட்டும் அப்பளமாகி இருந்தது. கணுக்காலுக்குக் கீழே மடியும் இடத்தில் வெடிப்பு. துளி உள்ளே போன வழி அதுதான். சூட்டில் சுருங்கி முழு பூட்ஸும் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் கழலவில்லை.

நேரே மெல்ட் ஷாப்புக்குப் போனேன். வாளிகளைச் சூடேற்றி வைக்கும் மேடையின் ஓரத்தில், அடுத்த ஷிஃப்ட்காரர்களின் பூட்ஸ்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. சூப்பர்வைசர் யாதய்யாவைக் கூப்பிட்டு, "இது எதுக்கு?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மேடம், ஈர பூட்ஸோட வந்தா நான்தான் திருப்பி அனுப்புறேன். அது ரூல். திருப்பி அனுப்பினா அன்னைக்கு அவனுக்கு லீவு. அப்போ அவன் என்ன பண்ணுவான்?"

ஆஸ்பத்திரியில் செல்வராஜ் எதையும் மறைக்கவில்லை. "ஹவ் மேடம், நான்தான் மேல வெச்சேன். டெய்லி வெப்பேன். வேர்வையில ஒரு பக்கம் ஊறிப்போவுது, வர்ற வழியில மழை ஒரு பக்கம். மறுநாளுக்குள்ள எங்க காயுது? பொய் சொல்றது நக்கோ. வெச்சேன்னே எழுதிக்குங்க."

அப்படியே எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொடுத்த பாதுகாப்புப் பொருளைத் தானே கெடுத்துக்கொண்டு காயம் பட்டவனுக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது, வேலைக்கும் உத்தரவாதம் கிடையாது. அவர் மனைவி மேரிக்கும் அது தெரிந்திருந்தது. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், பூட்ஸ் கெட்டதுன்னு எழுதிடுங்க. உங்களுக்கு அதுல என்ன போவுது? இவர் வேலை போச்சுன்னா ரெண்டு பசங்களோட நான் எங்க போவேன்?"

ராவ் சாரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். பூட்ஸ் தரமில்லை என்று விசாரணைக் குறிப்பில் எழுதினால் சப்ளையரை மாற்றிவிடலாம், அந்த மனிதனும் பிழைத்துக்கொள்வான் என்றார். ஒரே ஒரு வார்த்தை எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் அந்த ஆசை வந்ததைச் சொல்ல வேண்டும். மேரியின் முகம் கண்ணிலேயே நின்றது. ஆனால் அப்படி எழுதினால் அடுத்த வருடம் வேறு பெட்டியில் வேறு பூட்ஸ் வரும், அதுவும் ஒரே ஜோடிதான் வரும், அதே மேடையில் அதே வரிசையில் நிற்கும். அப்புறம் வேறு ஒருவன் காலை உதறுவான்.

"பூட்ஸ் நல்ல பூட்ஸ் சார்" என்றேன்.

"அப்படியானால் தப்பு அவனுடையது."

"இல்லை சார்."

"இரண்டில் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?"

"பூட்ஸ் சரி, ஆள் சரி, எண்ணிக்கைதான் தப்பு."

ராவ் சார் செடியைப் பார்த்தார், ஆனால் எழவில்லை. "நீங்கள் போட்டுப் பாருங்கள். ஒரே ஜோடி. விதியை மீறாமல் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்று பார்க்கலாம்" என்றார். விசாரணைக் குறிப்பை அதுவரை நிறுத்தி வைத்தார்.

போட்டேன். ஸ்டோரிலிருந்து புதிதாக ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு, ஷிஃப்ட் தொடங்குவதிலிருந்து முடிகிறவரை மெல்ட் ஷாப்பில் அவர்களோடு நின்றேன். அந்தச் சூட்டில் கால் வேர்ப்பது என்றால் என்னவென்று அதுவரை எனக்குப் புத்தகத்தில்தான் தெரியும். சாயங்காலம் சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. வீட்டில் பூட்ஸுக்குள் பேப்பரை அடைத்து, ஃபேனுக்கு அடியில் வைத்தேன். என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "உன் ஆராய்ச்சிய எங்க வேணா வெச்சுக்கோ, சாமி ரூம் பக்கம் மட்டும் வேணாம்" என்றார். முதல் நாள் பரவாயில்லை. இரண்டாவது காலை உள்ளே குளிர்ச்சி தட்டியது. மூன்றாவது காலை மெல்ட் ஷாப் வாசலில் யாதய்யா வழக்கம்போல ஒவ்வொருவர் பூட்ஸிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னுடையதில் விட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "வாபஸ் மேடம்" என்றார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. விதியைச் சொல்லிக் கொடுக்கிறவளையே விதி வெளியே நிறுத்துகிறது. அப்போதுதான் அந்த மேடையைப் பார்த்தேன். பக்கத்தில்தான் இருந்தது. கதகதவென்று இருந்தது. பத்து நிமிஷம் வைத்தால் போதுமே என்று மனசு சொல்லிற்று. எல்லாம் தெரிந்த எனக்கே அப்படித் தோன்றியது. சம்பளம் போகுமே என்கிற பயம் எனக்கு இல்லை, செல்வராஜுக்கு இருந்தது. அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு மாடியேறி ராவ் சார் அறைக்குப் போனேன். மேஜை மேல் வைக்கவில்லை. அவ்வளவு துணிச்சல் எனக்கும் கிடையாது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே வைத்தேன்.

"உள்ளே கையை விடுங்கள் சார்."

அவர் என்னைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். பிறகு விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். சட்டையின் கையை மடித்துவிட்டு, குனிந்து, பூட்ஸின் நுனி வரைக்கும் கையை விட்டார். உடனே எடுக்கவில்லை. எடுத்த பிறகு கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ஒன் சென்டென்ஸ்."

"ஒரே ஜோடி வைத்திருக்கிறவனால் நம் இரண்டு விதியில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் சார்."

அன்று மத்தியானமே விசாரணைக் குறிப்பு முடிந்தது. தொழிலாளி மேல் தவறில்லை என்று ராவ் சார் தன் கையாலேயே எழுதினார். செல்வராஜுக்கு லீவும் சம்பளமும் வேலையும் தப்பின. மேரிக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது ஜோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் ராவ் சார் ஒரு முட்டுக்கட்டை போட்டார். அதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்கள் புது பூட்ஸ் வந்தால் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கல்யாணத்துக்குப் போடுவார்கள், வாட்ச்மேன் வேலைக்குப் போகும் மச்சானுக்குக் கொடுப்பார்கள். வேலைக்குப் பழசையே போட்டுக்கொண்டு வருவார்கள். "நீங்கள் இரண்டு கொடுத்தால் இரண்டு மச்சான்களுக்குப் போகும்" என்றார்.

அதற்கு வழி கண்டுபிடித்தது எனக்கு இன்றைக்கும் பெருமை. ஒரு ஜோடி கருப்பு, இன்னொரு ஜோடி பழுப்பு. திங்கள், புதன், வெள்ளி எல்லோரும் கருப்பு. செவ்வாய், வியாழன், சனி எல்லோரும் பழுப்பு. போடாத ஜோடி உடை மாற்றும் அறையில், ஃபேனுக்கு எதிரே, மரத்தட்டில் நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கருப்பில் வந்தவனை வாசலில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு ஜோடி குறைந்தால் அடுத்த நாளே மாட்டிக்கொள்வான். தவிரவும், முன்னால் இரும்பு துருத்திய பழுப்பு பூட்ஸைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போக எந்த மச்சானுக்கும் மனசு வரவில்லை. சூடேற்றும் மேடையின் ஓரம் அதோடு காலியாயிற்று. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கே யாருடைய பூட்ஸும் நின்று நான் பார்க்கவில்லை.

செல்வராஜ் திரும்பி வந்தார். தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டுத்தோல் எந்த பூட்ஸையும் ஏற்றுக்கொள்ளவில்லை. போட்டால் உரிந்துவிடும். எத்தனையோ முயற்சி செய்து பார்த்தோம். மெல்ட் ஷாப்பில் எல்லோருக்கும் இரண்டாவது ஜோடி வாங்கிக் கொடுத்த காலுக்கு ஒரு ஜோடிகூடப் போட முடியாமல் போயிற்று. உடை மாற்றும் அறையின் பூட்ஸ் தட்டுகளை அவர் பொறுப்பில் விட்டோம். தினமும் காலையில் ஒவ்வொரு பூட்ஸிலும் கையை விட்டுப் பார்ப்பார். ரப்பர் செருப்போடு, ஓய்வு பெறும் வரை.

கமிட்டிக்கு நான் வருகிறேன் என்று சொன்னதும் அவருக்கும் போன் செய்தேன். ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கேட்டில் செக்யூரிட்டிப் பையன் நிறுத்திவிட்டான். செருப்போடு யாரும் தொழிற்சாலைக்குள் போகக் கூடாது என்று போர்டைக் காட்டினான். செருப்புக்கு ராவ் சார் கொடுத்திருந்த அனுமதி வேலையில் இருந்தவரைக்கும்தான். போர்டை எழுதியவளே நான், என்னத்தைச் சண்டை போடுவது?

"நீங்க போங்க மேடம், நான் இங்கயே உக்கார்றேன்" என்றார் செல்வராஜ். "ஒண்ணு போதும்னு சொன்னா ஒத்துக்கிறது மட்டும் நக்கோ."

கமிட்டி அறையில் புது ஜெனரல் மேனேஜர் இருந்தார். என் மகன் வயசு, மரியாதையான பிள்ளை. எழுந்து நின்று வரவேற்றார். காலில் தேன் நிறத்தில் பளபளவென்று தோல் பூட்ஸ். புது பூட்ஸின் தரத்தைப் பற்றி ஸ்கிரீனில் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். முடிந்ததும் என்னைப் பார்த்தார்கள். என் மகன் சோபாவில் பூட்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

"சார், உங்கள் பூட்ஸ் ரொம்ப அழகாக இருக்கிறது. தினமும் இதைத்தான் போடுவீர்களா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சந்தோஷம். "இல்லை மேடம். நல்ல லெதரைத் தினமும் போடக் கூடாது. ஒரு நாள் போட்டால் மறுநாள் அதைக் காய விட வேண்டும். நான் மாற்றி மாற்றிப்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

ஸ்வப்னா தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ராவ் சார் பாணியிலேயே ஒரு வாக்கியம் சொன்னேன்.

"அவர்கள் நிற்கிற இடத்தில் ஏசி இல்லை சார்."

அவர் கோபப்படவில்லை. தன் காலைப் பார்த்தார். செல்வராஜைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். ஸ்கிரீனை அணைக்கச் சொல்லிவிட்டு, புது பூட்ஸ் வாங்கலாம், இரண்டு நிறத்திலும் வாங்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். இன்னொருவர் வெளியே காத்திருக்கிறார் என்று சொல்லிக் கிளம்பினேன்.

கேட்டில் செக்யூரிட்டிப் பையன் தன் நாற்காலியைச் செல்வராஜுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் எழுந்துவிட்டார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து இரண்டடி முன்னால் வந்தார்.

"என்ன ஆச்சு மேடம்? கருப்பு, பிரவுன், ரெண்டும் இருக்கா?"

"ஹவ், செல்வராஜ்" என்றேன். "ரெண்டும்."